துரை அண்ணை சொல்லாத சொல்

செவ்வாய்க்கிழமை காலை துரை அண்ணைக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டு நின்றபோது ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. அடுப்பை நிறுத்தக்கூட எனக்குத் தோன்றவில்லை. சிட்னி நார்த்மீட்டில் எங்கள் வீட்டுப் பின்னறையில் பதினொரு வருடம் இருந்த மனிதர் போய்விட்டார்.

உங்களில் பலருக்கு அவர் ஊரில் மூன்று தேர்தல் வென்ற எதிர்க்கட்சி எம்.பி. எனக்கோ, குசினிக் கதிரையில் இருந்துகொண்டு என் கறிக்கு உப்புக் காணாது என்று சொல்லும் அண்ணை. இரண்டு கிழமைக் கூட்டங்களுக்கென்று சிட்னி வந்தவர். வந்த நான்காம் நாள், அரசை எதிர்த்துப் பேசியதற்காக அங்கே அவருக்குப் பிடியாணை பிறப்பித்தார்கள். "இண்டைக்கோ நாளைக்கோ போயிடுவன், எனக்கேன் புதுசு?" என்று பதினொரு குளிர்காலத்தையும் என் கணவரின் பழைய ஜாக்கெட்டிலேயே ஓட்டினார். அதன் கை அவருக்கு விரல்வரை தொங்கும். அப்படியொரு பிடிவாதம் பிடித்த மனிதர்!

அவரிடம் எனக்குப் பிடிக்காத பழக்கம் ஒன்று இருந்தது. வெளியே புறப்படும்போது, போய்விட்டு வருகிறேன் என்பதற்கு நாங்கள் சொல்லும் "போட்டு வாறன்" அவர் வாயில் வராது. மேய்ஸ் ஹில் முருகன் கோயிலுக்குப் போகும்போதும் வெறும் "சரி"தான். ஒருநாள் கோபத்தில் கேட்டேவிட்டேன்.

"ஏன் அண்ணை, போட்டு வாறன் எண்டு சொன்னா வாயிலயிருந்து முத்து உதிர்ந்திடுமோ?"

"கடைசிக் கூட்டத்தில மேடையில நிண்டு என்ரை சனத்துக்குச் சொன்னனான், தங்கச்சி. அதைச் செய்து முடிக்காமல் இன்னொருக்காச் சொல்ல வாய் வருகுதில்லை."

பிறகு நான் கேட்கவேயில்லை.

போன தேர்தலின்போது அவருடைய தொகுதியில் கூட்டம் போட்டு, போனில் பேசச் சொன்னார்கள். அகதி விசா வழக்கு அப்போது முடியவில்லை. "திரும்பிப் போவேன் என்று எங்கும் சொல்லிவிடாதீர்கள், உங்களுக்கு அங்கே ஆபத்தில்லை என்று முடிவு கட்டிவிடுவார்கள்" என்று சட்டத்தரணி எச்சரித்திருந்தார். அண்ணை எங்கள் குசினியில் போனைப் பிடித்தபடி நின்றார். அந்தப் பக்கம் ஒலிபெருக்கியில் ஒரு குரல்: "ஐயா, எப்ப வாறியள்?"

வருவேன் என்றால் இங்கே விசா போகும். பிடித்து அனுப்பினால் நேரே சிறை. வரமாட்டேன் என்றால் அங்கே அவரை நம்பி நிற்கும் சனம் கலைந்துவிடும். கடைசியில், "எல்லாரும் சுகமா இருங்கோ" என்றார். ஒருவரும் கைதட்டவில்லை.

போனை வைத்துவிட்டு, "சிறையெண்டாலும் விடுற திகதி சொல்லுவாங்கள்" என்றார். நான்தான் அழுதேன். அவர் தேத்தண்ணி கேட்டார்.

விசா போன வருடம் கிடைத்தது. கடிதத்தை நான்தான் வாசித்தேன். எந்த நாட்டுக்கும் போகலாம், சொந்த நாட்டுக்கு மட்டும் போகக்கூடாது. "பாத்தியளே, நியூசிலாந்துக்குப் போகலாமாம்!" என்று சிரித்தார்.

திங்கள் மாலை, ஆஸ்பத்திரியில் பார்வை நேரம் முடிந்ததும் எழுந்தேன். "போட்டு வாறன் அண்ணை. காலமை கஞ்சி கொண்டு வாறன்."

என் கையைப் பிடித்தார். "ஓம் தங்கச்சி. நானும் போட்டு வாறன்."

பதினொரு வருடத்தில் முதல் தடவை. மடைச்சி நான், சந்தோஷப்பட்டேன்! குணமாகிவிட்டார் என்று நினைத்துக்கொண்டே கார் ஓட்டினேன்.

அந்த ஜாக்கெட்டை நான் வைத்துக்கொள்கிறேன், யாரும் கேட்டு வராதீர்கள். அந்தச் சொல்லை மட்டும் வைத்துக்கொள்ள எனக்கு உரிமையில்லை. அடுத்த மாதம் அஸ்தியோடு அவருடைய ஊருக்குப் போகிறேன். எப்ப வாறியள் என்று கேட்ட சனத்துக்கு, "ஐயா வந்திட்டார்" என்று நான்தான் சொல்லவேண்டும்.