பெட்டிக்கு வயது நூறு

மயிலாடுதுறைப் பேருந்து நிலையத்துக்கு எதிரே சின்னக் கடை. மரப்பெட்டியில் காகிதப் படம் ஒட்டி, டீ டிக்காஷன் பூசி, உப்புத்தாளால் தேய்த்து, வார்னிஷ் அடித்து அதைக் கிழடாக்குகிறார் கடைக்காரப் பெண். நான் எடுத்த பெட்டிக்கு நூறு வயது சொல்லலாம். மூடியில் பிள்ளையார், படத்தின் நாலு மூலையும் பழுத்திருக்கிறது.

"எந்தக் காலத்துப் படங்க இது?"

"என் கல்யாணப் பத்திரிகை சார்! மூலையில மஞ்சள் தடவுனப்புறம்தான் பார்த்தோம், தேதிய தப்பா அடிச்சிருக்காங்க. மஞ்சள் தடவுனத குப்பையில போட முடியுமா?"

"கல்யாணம்?"

"வர்ற வெள்ளிக்கிழமை."

பெட்டியை வாங்குகிறேன்.

"பத்திரிகை வெச்சாச்சு, கண்டிப்பா வரணும். அதுல போட்ட தேதிக்கு வந்துடாதீங்க!"

அங்கேயே நின்று, கைப்பேசியில் வியாழக்கிழமை ஊர் திரும்பும் ரயில் டிக்கெட்டை ரத்து செய்கிறேன்.