தாழைப் புதரில் வெட்டிய சன்னல்

நேற்று மகள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு கரமனை ஆற்றில் வள்ளத்தில் போய்ப் பறவை பார்த்துவிட்டு வந்தாள். வாசலில் கழற்றிப் போட்ட அவள் செருப்பிலிருந்து ஆற்றுச் சேற்றின் வாடை. எனக்குப் பழக்கமான வாடைதான்.

"பதினொண்ணு பார்த்தேன் அப்பா," என்று தாளை நீட்டினாள். நீர்க்காகம், மீன்கொத்தி, கொக்கு. கடைசிவரை படித்தேன்.

"குளக்கோழி இல்லையே மக்களே?"

"இல்லேன்னா நான் என்ன செய்ய?"

நியாயம்தான். செய்தவன் நானல்லவா.

மகளோடு படிக்கிற பிள்ளைகளே, எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு உங்களைப்போல் கட்டுரை எழுத வராது. நடந்ததைச் சொல்கிறேன். கல்யாணத்துக்கு முன்பு சாலைக் கடைத்தெருவில் ஒரு கயிற்றுக் கடையில் எனக்கு வேலை. வாரம் முழுக்க மூக்குக்குள் தேங்காய் நார்தான். ஞாயிறு காலையில் மட்டும் அத்தானின் வள்ளத்தை எடுத்துக் கழி ஊன்றுவேன். பறவை பார்க்க ஒரு டீச்சர் வருவார். "உனக்கு நல்ல கண்ணு," என்று ஒருமுறை சொல்லிவிட்டார். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நான் ஆகாயத்தில் நடந்தேன்.

குளக்கோழி, கறுப்புக் கோட்டும் வெள்ளைச் சட்டையும் போட்ட வக்கீல் மாதிரி நடக்கும். மூன்று வாரமாகக் கரைத் தாழைக்குள்ளிருந்து அதன் சத்தம் மட்டும் வந்தது.

"கூடு உள்ளேதான் இருக்கு. கிட்ட போகண்டா. சத்தம் கேட்டா போதும்," என்றார் டீச்சர்.

எனக்குப் போதவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் தனியே போய், வெட்டுக்கத்தியால் தாழை ஓலைகளை அரிந்து, கூடு தெரிய ஒரு சன்னல் திறந்துவைத்தேன். உள்ளே ஐந்து முட்டைகள். டீச்சர் என்ன சொல்லிப் பாராட்டுவார் என்று யோசித்துக்கொண்டே திரும்பினேன்.

காலையில் டீச்சரோடு போனபோது அந்தச் சன்னலில் காக்கை உட்கார்ந்திருந்தது. கூட்டில் ஓடுகள்தான் கிடந்தன.

"ஆராக்கும் இத வெட்டினது?"

"பாய்க்கு ஓலை அறுக்குறவங்களா இருக்கும் டீச்சர்," என்றேன்.

சற்றுத் தள்ளி அதே கரையில் பாய் முடையும் சரோஜம் அக்கா ஓலை அறுத்துக்கொண்டிருந்தார். டீச்சர் வள்ளத்தை அங்கே விடச் சொல்லி, அவரிடமே கேட்டார்.

"அந்தத் தாழ மூட்டுல நான் கை வைக்கமாட்டேன் டீச்சரே. கோழி அடையிருக்கில்லே? அத விட்டுத்தான் எப்பவும் அறுக்குறது."

டீச்சர் நம்பவில்லை. "இனி இந்தக் கரையில அறுக்கண்டா," என்றார்.

அக்கா என்னைப் பார்த்தார். முழங்கைவரை தாழை முள் கீறிய என் கைகளையும் பார்த்தார். நான் சட்டைக் கையை இழுத்துவிட்டேன்.

"தம்பி, அதுல கொஞ்சம் தேங்காயெண்ண போடு," என்று மட்டும் சொல்லிவிட்டு ஓலைக்கட்டைத் தூக்கிக்கொண்டு போனார். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். நான் கழியை ஊன்றினேன்.

பிறகு அக்கா அந்தக் கரைக்கு வரவேயில்லை. இப்போது அங்கே கருங்கல் சுவர். தாழையும் இல்லை, கோழியும் இல்லை. என் கையிலும் ஒரு கீறல்கூட மிச்சமில்லை. இருந்திருந்தால் மகளுக்கு அதையாவது காட்டியிருப்பேன்.