படத்தில் இல்லாத பழம்

கள்ளக்குறிச்சியில் போன மாதம் ஒரு கல்யாணப் பந்தி. இலையில் கேரட் அல்வா விழுந்தது. நெய் வாசனைக்கு நாக்கு ஊறத்தான் செய்தது, கை போகவில்லை. பக்கத்து இலைக்காரர், "துன்னுங்க சார், கண்ணுக்கு நல்லது" என்றார். இந்தப் பாடத்தை இந்த வட்டாரத்தில் பரப்பியவனே நான்தான் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

எழுபதுகளின் தொடக்கத்தில் கல்வராயன் மலைப் பள்ளிகளில் கண் நலம் சொல்லித்தரும் வேலை எனக்கு. பட்டம் வாங்கிய திமிர், ஒரு ஜீப், ஒரு கட்டுப் பட அட்டைகள். பிரித்தால் பெயின்ட் வாசனை அடிக்கும். பிள்ளைகள் முதலில் முகர்ந்துதான் பார்ப்பார்கள். மாலைக்கண் வராமலிருக்க என்ன தின்ன வேண்டும் என்ற அட்டையில் பெரிதாக ஒரு கேரட். மலையில் எவரும் கண்டிராத காய். நானே பட்டணத்து விடுதியில்தான் முதலில் தின்றேன். "கேரட்!" என்று கூரை அதிரக் கத்துவார்கள். எனக்குக் 'கேரட் சார்' என்றே பெயர் விழுந்தது. பெருமையாகத்தான் இருந்தது.

ஒருநாள் என் மேலதிகாரி கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பொன்னி எழுந்தாள். பொழுது சாய்ந்தால் தடுமாறும் தம்பியைக் கைபிடித்து நடத்துகிறவள்.

"சார், பப்பாளி துன்னா ஆவாதா? எங்க வூட்டாண்ட மரம் இருக்குது. சூடுன்னு அம்மா தம்பிக்குக் குடுக்க மாட்டேங்குது. நீங்க சொன்னா குடுக்கும்."

ஆகும். கையேட்டில் படித்திருந்தேன். ஆனால் அதிகாரி முன்னால் பாடம் பிசகக் கூடாதே.

"படத்துல இருக்கிறத மட்டும் சொல்லு. உக்காரு."

வகுப்பு சிரித்தது. அவளும் கேரட் என்றாள். தம்பியைக் கூட்டி வா என்றுகூட நான் சொல்லவில்லை.

இரண்டு மாதம் கழித்துப் போனபோது அவள் அப்பா ஜீப்பை மறித்தார். குரலில் கோபமே இல்லை.

"ரெண்டு சந்தை எறங்கித் தேடினேன் சார். இங்கிலீசு காய இங்க எவன்யா வாங்குவான்னு தொரத்திட்டானுங்க. அதுக்குள்ள பையனுக்குத் தட்டம்மை. ரெண்டு கண்ணும் வெளுத்துப் பூட்டுது." மறித்த வழியை விட்டு விலகினார். "வூட்ல ஒரு பப்பாளி கூடவா இல்லன்னு ஆஸ்பத்திரி நர்சம்மா கேட்டுச்சு சார்."

மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

பந்தியிலிருந்து எழுந்த மறுவாரம் மலையேறினேன். இப்போது பஸ் போகிறது. மாலைக்கண் என்றால் என்னவென்று பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. சத்து மருந்து ஒழுங்காக வருகிறதாம். ஒழிந்தது நல்லதுதான், அதில் என் பங்கு ஒன்றுமில்லை.

பொன்னிக்குத் தலை நரைத்திருந்தது. நான் யாரென்று சொன்னதும், "டேய், கேரட் சாரு வந்துகிறாருடா" என்றாள். கட்டிலில் இருந்த தம்பி தடவி எழுந்து, குரல் வந்த பக்கம் கும்பிட்டார்.

"அன்னிக்கு நீ கேட்டதுதாம்மா சரி. தெரிஞ்சேதான் உக்காரச் சொன்னேன்" என்றேன்.

அவள் தம்பியைப் பிடித்துக் கட்டிலில் உட்கார வைத்தாள். வீட்டுக்குப் பின்னால் மரவள்ளி நின்றது. பப்பாளி மரம் எங்கே என்று கேட்டேன்.

"ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த அன்னிக்கே அம்மா வெட்டிப் போட்டுச்சு சார். அப்ப பழுத்துக்கினு இருந்திச்சு."