ஸ்டெல்லா அக்கா போட்ட எட்டு வட்டம்

ஆட்டோமேட்டா பாடத்துக்கு ட்யூஷன் எடுப்பவனிடம் யாரும் ஆசைப்பட்டு வருவதில்லை, அரியர் விழுந்த பிறகுதான் வருவார்கள். அந்தப் பேப்பரில் கோட்டை விட்ட சக பாவிகளே, அஸ்தினாபுரத்தில் என் மாடியறைக்கு வந்த ஸ்டெல்லா அக்காவுக்கு அது ஒன்றுதான் பாக்கி. திருமுடிவாக்கத்தில் உதிரிபாகங்களைச் சோதிக்கும் வேலை. பழைய அரியர்காரர்களுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. பாஸானால் கம்பெனியில் இன்ஜினியர், இல்லையென்றால் டிகிரியே கிடையாது. "என்கிட்ட விடுங்கக்கா" என்றேன்.

ரிஜெக்ட் தட்டு

ஆட்டோமேட்டா என்பது வட்டங்களும் அம்புகளுமாக வரையும் மெஷின். ஒரு சொல்லை எழுத்தெழுத்தாகப் படித்து இரட்டை வட்டத்தில் போய் நின்றால் ஓகே, ஒற்றையில் நின்றால் ரிஜெக்ட். இதற்கு நேர் எதிரான மெஷின் வேண்டுமா? இரட்டையை ஒற்றையாக்கு, ஒற்றையை இரட்டையாக்கு, ஒரு வட்டம்கூட அதிகமாகாது என்று அடித்துச் சொன்னேன்.

"கம்பெனில ஒருநாள் ஓகே தட்டையும் ரிஜெக்ட் தட்டையும் இடம் மாத்தி வச்சிட்டேன் சார். இதேதான். மெமோ குடுத்தாங்க."

மூணும் நாலும்

இரண்டு மெஷின்களும் ஒரே சொல்லுக்கு ஓகே சொல்ல வேண்டும். ஒன்றில் மூன்று வட்டம், மற்றதில் நான்கு. சேர்த்து ஒரே மெஷினாக்கினால் எத்தனை என்று கேட்டால் எல்லோரும் ஏழு என்பார்கள். பன்னிரண்டு வரை போகும் என்றால் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். அக்கா பார்க்கவில்லை.

"எனக்கு மூணு மூடு, எங்க வீட்டுக்காரருக்கு நாலு மூடு. வீட்ல பன்னெண்டு விதமா நாள் போகுது சார்."

கடைசிக்கு மூணாவது

சொல்லைத் தலைகீழாக்கும் கணக்குதான் பேஜார். முதலிலிருந்து மூன்றாவது எழுத்து 'ஏ'வா என்று பார்ப்பது சுலபம். கடைசியிலிருந்து மூன்றாவது என்றால், கடைசி எதுவென்று மெஷினுக்கு முன்கூட்டித் தெரியாது. ஒவ்வோர் இடம் தள்ளிப் போகப் போக வட்டங்கள் இரட்டிப்பாகும். "அதெல்லாம் பரீட்சைல வராதுக்கா, விட்டுடுங்க" என்றேன்.

வந்தது. வாட்ஸ்அப்பில் வந்த கேள்வித்தாளைத் தாம்பரம் ஸ்டேஷனில் நின்று பார்த்தேன். ஒருத்தர் பிழைப்பில் விளையாடிவிட்டேனே என்று நிஜமாகவே அழுகை வந்தது. ரிசல்ட் வரும்வரை போன் போடவும் தைரியமில்லை. கடைசியில் அவரே வந்தார், பாஸ் என்று. எப்படி என்று கேட்டேன்.

"எங்க லைன்ல மெஷின் நின்னா கடைசிக்கு மூணாவது பீஸைத்தான் பாக்கணும் சார். எப்ப நிக்கும்னு தெரியாது, அதனால எப்பவும் கடைசி மூணு பீஸும் ஞாபகத்துல இருக்கும். ஒவ்வொண்ணும் ஓகேவா ரிஜெக்டான்னு, அதாவது 'ஏ'வா இல்லையான்னு பாத்தா மொத்தம் எட்டு விதம். எட்டு வட்டம் போட்டேன்."

இப்போதெல்லாம் நான் 'வராது' என்று சொல்லும் கேள்வியைத்தான் என் மாணவர்கள் முதலில் படிக்கிறார்கள்.