ஆலங்காயத்து டைனமோக்காரன் பட்ட பாடு

கார் பெட்ரோலில் மட்டும்தான் ஓடுகிறது என்று நம்புகிறவர்கள் இருக்கும்வரை ஆட்டோ எலெக்ட்ரீஷியனுக்குச் சோற்றுக்குக் குறைவில்லை.

எழுபதுகளின் நடுவிலிருந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் மலையடிவாரத்து ஆலங்காயத்தில் எனக்கு ஒரு கொட்டகை இருந்தது. பலகையில் 'ஆட்டோ எலெக்ட்ரிகல்ஸ்' என்று எழுதியிருந்தாலும் ஊருக்கு நான் டைனமோக்காரன். விஷயம் ரொம்பச் சின்னது. பேட்டரி வண்டியைக் கிளப்பிவிடும். கிளம்பிய என்ஜின் ஒரு பெல்ட்டை இழுக்கும், பெல்ட் டைனமோவைச் சுற்றும், பேட்டரி செலவழித்ததை டைனமோ திரும்ப நிரப்பும். நிரப்பாவிட்டால் டாஷ்போர்டில் ஒரு சிவப்பு விளக்கு எரியும். இதைச் சொல்லிப் புரியவைப்பதற்குள் எனக்குப் பாதி முடி கொட்டிவிட்டது. பழைய வண்டி ஒன்றை வாங்கி, அதை மலையிலும் ஏற்றி, நடுவழியில் இறங்கித் தள்ளிய அனுபவம் உங்களுக்கும் உண்டென்றால் பக்கத்தில் வந்து உட்காருங்கள். நாமெல்லாம் ஒரே கட்சி.

பொட்டு வைத்த விளக்கு

புளி வியாபாரி கோவிந்தனின் ஜீப்பை ஒரு நாள் நாலு பேர் தள்ளிக்கொண்டு வந்தார்கள். முன்சீட்டிலிருந்து அவர் சம்சாரம் இறங்காமலே வந்தார். பார்த்தால் பேட்டரியில் உயிரே இல்லை. டைனமோவைக் கழற்றினேன். உள்ளே இருக்கிற கரித்துண்டு, நாங்கள் பிரஷ் என்போம், தேய்ந்து பல்லிமுட்டை அளவுக்கு வந்திருந்தது. "சிவப்பு லைட்டு எத்தினி நாளா எரியுது?" என்றேன். "எரியவே இல்லீங்களே" என்றார் கோவிந்தன், கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்கிற முகத்தோடு.

எனக்குச் சந்தேகம். டாஷ்போர்டுக்குள் தலையை விட்டேன். விளக்கு இருக்க வேண்டிய இடத்தில் கால் ரூபாய் அகலத்துக்கு ஒரு ஸ்டிக்கர் பொட்டு. "அது ஒரு வாரமா கண்ண உருட்டிக்கினே இருந்துதுங்க. வண்டி தீப்பிடிக்கப் போவுதுன்னு இவ மலைக்கே வரமாட்டேன்னுட்டா. அப்பால இவளே ஒட்டிட்டா, பயம் போயிடுச்சி" என்று கோவிந்தன் ஒப்புக்கொண்டார். நான் நகத்தால் சுரண்டி அதைப் பிய்த்தேன். முன்சீட்டிலிருந்த அந்த அம்மாள் திடுக்கிட்டு நிமிர்ந்து சொன்னார்: "வெள்ளிக்கிழமையும் அதுவுமா பொட்ட எடுக்குறீங்களே, வண்டி வெளங்குமா?"

ஹெட்மாஸ்டரின் ஹாரன்

ஹெட்மாஸ்டர் அருளப்பன் செகண்ட் ஹேண்டில் ஒரு கார் வாங்கி மூன்று வருஷம் ஆகியிருந்தது. மின்சாரத்தை வீணாக்கக் கூடாது என்பது அவர் கொள்கை. அதனால் ஹாரன் அடிக்க மாட்டார். ஜன்னலில் தலையை நீட்டி, வகுப்பில் கத்துகிற அதே குரலில், "ஓரம்! ஓரம் போ!" என்பார். ஆடு, மாடு, பழைய மாணவர்கள் எல்லோரும் ஒதுங்குவார்கள். வெள்ளிக்கிழமைக்குள் தொண்டை போய்விடும். ஒரு நாள் என்னிடம் வந்து, காற்று மட்டும் வருகிற குரலில், "பெரிய பேட்டரி போட்டா ஹாரன் அடிக்கலாமாப்பா?" என்று கேட்டார்.

பாவமாக இருந்தது. வண்டி ஓடும்போது ஹாரனுக்கு வேண்டிய கரண்டை டைனமோவே கொடுத்துவிடும், பேட்டரிக்கு ஒன்றும் குறையாது, பயப்படாமல் அடியுங்கள் என்று விளக்கினேன். அவர் அதைச் சின்ன நோட்டில் குறித்துக்கொண்டார். நான் செய்த பாவம் அதுதான். மறுநாள் காலை வீட்டு வாசலில் ஹாரனில் வைத்த கையைப் பள்ளிக்கூட வாசலில்தான் எடுத்தார். அடுத்த நாளும் அப்படியே. டீக்கடைக்காரர் என்னோடு சண்டைக்கே வந்துவிட்டார். போய், "இன்னா சார் இது?" என்று கேட்டேன். தொண்டை நன்றாகத் தேறியிருந்தது, கணீரென்று சொன்னார்: "மூணு வருஷமா டைனமோ சும்மா குடுத்ததையெல்லாம் வாங்காம விட்டிருக்கேனேப்பா, ஈடுகட்ட வேணாமா?"

பெல்ட் அறுந்த முகூர்த்தம்

என் சிநேகிதன் ஏழுமலைக்கு மலைமேல் பெண். மாப்பிள்ளை வீட்டார் எல்லோரும் ஒரு வாடகை வேனில் காலையில் ஏறினோம். பாதி மலையில், ஒரு வளைவு திரும்பும்போது, 'பட்'டென்று சத்தம். சிவப்பு விளக்கு எரிந்தது, ரேடியேட்டர் புகைந்தது. பெல்ட் அறுந்துவிட்டது; ரேடியேட்டர் தண்ணீரைச் சுழற்றுகிற பம்பை ஓட்டுவதும் அதே பெல்ட்தான். டிரைவரைப் பார்த்து, "ஸ்பேர் பெல்ட்டு எங்க?" என்றேன். அவர் தலையைச் சொறிந்தார். "வூட்ல தொட்டில் கட்டக் கயிறு இல்லன்னாங்க. அத்தக் குடுத்துட்டேங்க." முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரம்கூட இல்லை. ஏழுமலை மாலையைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். வேன் மொத்தமும் என்னைப் பார்த்தது. டைனமோக்காரன் கூட வரும்போது வண்டி நின்றால் அந்த அவமானம் எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது.

மாப்பிள்ளையின் அங்கவஸ்திரத்தை முறுக்கிக் கட்டினேன். நூறடி போவதற்குள் ஜரிகை ஒரு பக்கம், துணி ஒரு பக்கமாகப் பறந்தது. அப்போது மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்த ஒரு மலைக்காரர் நின்று பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தார். "எத்த எத்தோட சேத்துக் கட்டணும்?" என்று மட்டும் கேட்டார். காட்டினேன். பக்கத்துப் புதரில் நாலு கொம்பை வெட்டி, பட்டையை உரித்து, தொடையில் வைத்துத் திரித்து, முடிச்சே தெரியாமல் இறுக்கிக் கட்டிவிட்டார். ஓடையில் தண்ணீர் மொண்டு ஊற்றிக் கிளப்பினோம். சிவப்பு விளக்கு அணைந்தது! முகூர்த்தத்தைப் பிடித்துவிடலாம் என்றதும் ஏழுமலைக்குக் கண் கலங்கிவிட்டது. பானெட்டை மூடும்வரை சுற்றுகிற நாரையே பார்த்த அந்த மனிதர், கொஞ்ச தூரம் வேனோடு கூடவே நடந்து வந்து சொன்னார்: "எங்க மாட்டக் கட்டுனா நிக்கும். உங்க வண்டியக் கட்டுனாத்தான் ஓடுது!"

புதுச் சாமான்

எண்பதுகளில் டைனமோவுக்குப் பதிலாக ஆல்டர்னேட்டர் வர ஆரம்பித்தது. எங்கள் பக்கத்தில் அதை முதலில் கொண்டுவந்தது அடிவாரத்து மிஷன் ஆஸ்பத்திரியின் வேன். ஓட்டி வந்தவர் நர்ஸ் சிஸ்டர் மார்த்தா. பெல்ட் கீச்சிடுகிறது, கொஞ்சம் பாருங்கள் என்றார். பெல்ட்டை இழுத்து வைத்தேன். அதோடு விட்டிருக்கலாம். புதுச் சாமான் சார்ஜ் கொடுக்கிறதா என்று பார்க்க ஆசை. டைனமோவுக்குச் செய்வதுபோல், என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரி ஒயரைச் சட்டென்று கழற்றினேன். உள்ளே ஏதோ சுருக்கென்றது. மெல்லிசாக ஒரு கருகல் வாசனை. ஒயரை மாட்டினேன். சிவப்பு விளக்கு எரிந்தபடியே இருந்தது. "பேட்டரி கொஞ்சம் வீக்கா கீது சிஸ்டர், ஓட ஓட செரியாயிடும்" என்று வாய் கூசாமல் சொன்னேன். அவர் மலைமேல் காவலூருக்கு அப்பால் ஒரு பிரசவக் கேஸைக் கூட்டிவரப் போகிறேன் என்று கிளம்பிவிட்டார்.

மலையைப் பார்த்தேன். மேலே மழை மூட்டம். வைப்பர், ஹெட்லைட் இரண்டையும் போட்டே ஏறுவார். அங்கே என்ஜினை அணைத்தால் திரும்பக் கிளம்பாது. சார்ஜ் போட்டு வைத்திருந்த ஒரு பேட்டரியைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போகிற பஸ்ஸைப் பிடித்தேன். கண்டக்டர் அதற்கும் டிக்கெட் கேட்டார். மடியில் வைத்துக்கொள்கிறேன் என்றால், "அப்ப கொழந்த டிக்கெட்டு" என்றார். இறங்கி ஒன்றரை மைல் சுமந்து நடந்தேன். ஆசிட் சிந்தி வேட்டியில் ஓட்டை. ஊர்முனையில் பார்த்தால், பத்துப் பேர் வேனைச் சேற்றில் முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டிருக்கிறார்கள். உள்ளே அந்தப் பெண் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கிறாள். பேட்டரியை மாற்றினேன். ஒரே சாவியில் கிளம்பியது.

ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்து அரை மணியில் பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம் என்று தெரிந்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. வராந்தாவில் நின்று, ஒயரைக் கழற்றியது, கருகியது, பொய் சொன்னது எல்லாவற்றையும் சிஸ்டரிடம் ஒப்பித்தேன். வேலூருக்குப் போய்க் கற்றுக்கொண்டு நானே சரிசெய்து தருகிறேன் என்றேன். அவர் கையைத் துடைத்தபடியே கேட்டுக்கொண்டார். திட்டவில்லை. "அப்போ நாடி பாக்கணும்னு கழுத்த நெரிச்சிருக்கீங்க" என்றார்.

வித்தியாசம்

சொன்னபடி வேலூரில் ஒரு வாரம் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். ஆல்டர்னேட்டருக்குள் டையோடு என்று குட்டிக் குட்டியாக ஆறு காவல்காரர்கள். மின்சாரத்தை ஒரு பக்கமாக மட்டும் போகவிடுவார்கள். பேட்டரியைத் திடீரென்று பிடுங்கினால் அவர்கள்தான் முதலில் செத்துப்போவார்கள். வேன் சரியாகிவிட்டது, எனக்குத்தான் தலைக்கனம் ஏறிவிட்டது. டீ குடிக்க வந்தவரிடமெல்லாம் டையோடைப் பற்றிப் பேசினேன்.

பக்கத்துக் கொட்டகை ரஹீம் பாய் என்ஜின் மெக்கானிக். என் பிரசங்கத்தை ஒரு மாதம் பொறுத்துக்கொண்டார். ஒரு நாள் ஒரு டாக்ஸிக்காரர் வந்து, டைனமோவுக்கும் ஆல்டர்னேட்டருக்கும் இன்னா வித்தியாசம் என்று என்னிடம் கேட்டார். நான் தொண்டையைச் செருமிக்கொள்வதற்குள் ரஹீம் பாய் வண்டிக்கடியிலிருந்து குரல் கொடுத்தார்: "டைனமோ கெட்டா இவரு தொறந்து பாப்பாரு, ஆல்டர்னேட்டர் கெட்டா வேலூர் பஸ்ஸ பாப்பாரு, அவ்ளோதான் நைனா!"

இத்தனை வருஷத்தில் எத்தனையோ வண்டிகளைக் கிளப்பிவிட்டிருக்கிறேன், ஆனால் ஒருத்தராவது திரும்பி வந்து "வண்டி நல்லா ஓடுதுங்க" என்று சொன்னதாக மட்டும் எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை.