கண்ணாடி இறங்காத கார்

ஆண்டவருக்குள் அன்பான சகோதரங்களே, பூட்டிய காருக்குள் இருந்தபடி கடலுக்குள் போனவன் நான். இன்று உங்கள் முன்னால் நின்று கதைப்பது என் கெட்டித்தனத்தால் அல்ல.

எழுபதுகளின் தொடக்கம். துறைமுகத்தில் வேலை செய்த எனக்கும், கிண்ணியாவைச் சேர்ந்த என் கூட்டாளி பாறூக்குக்கும் காரென்றால் பைத்தியம், அப்படி ஒரு விசர். பந்தயம் ஓடிய பழைய கோர்ட்டினா ஒன்றை வாங்கினேன். என் முதல் கார். பாரம் குறைந்தால் வேகம் கூடும் என்று பின் இருக்கையைக் கழற்றினோம். அதுவும் போதாமல், கண்ணாடிகளை மேலே ஏற்றிவிட்டு, அவற்றைச் சுற்றும் பிடிகளையும் கழற்றினேன்.

"டேய், இந்த வெயிலுக்கை வெந்து போவாய்," என்றான் பாறூக்.

"எறியடா அதுகளை," என்று பிடிகளை அவன் கையில் கொடுத்தேன்.

ஞாயிறு காலையில் நிலாவெளி றோட்டு வெறுமையாக இருக்கும். கார் ஓடுவதற்கு அதுதான் நேரம் என்று கோயிலையும் விட்டேன். ஜெபமும் எனக்குப் பாரமாகத்தான் தெரிந்தது.

ஒருநாள் பாறூக்கின் வீட்டுக்குப் புறப்பட்டோம். கடலைக் கடந்து கிண்ணியாவுக்குப் போக அப்போது பாலம் இல்லை. வாகனங்களைப் 'பாதை' என்கிற மிதவையில் ஏற்றி, சில்லு உருளாதபடி கட்டை கொடுத்துவிட்டு எல்லாரும் இறங்கி நிற்பார்கள். நான் மட்டும் இறங்கவில்லை. கரை தட்டியதும் முதல் ஆளாக உறுமிக்கொண்டு ஏற ஆசை. கரைக்குக் கிட்டவாக மிதவை எதிலோ இடித்தது. கட்டை விலகியது. பிரேக்கை மிதிப்பதற்குள் கார் முன்னால் உருண்டு தலைகுப்புறத் தண்ணீருக்குள் போனது.

கதவைத் தள்ளினேன். வெளித் தண்ணீர் அழுத்தியது, ஏலவில்லை. கண்ணாடியைக் குத்தினேன். கைதான் வெடித்தது. பிடி இருந்த இடத்தில் வெறும் இரும்புக் குச்சி நீட்டிக்கொண்டிருந்தது. வெளியே பாறூக் நீந்தி வந்து கதவை இழுப்பது தெரிந்தது. தண்ணீர் நெஞ்சுக்கு ஏறியது. நானே கட்டிய பெட்டிக்குள் நானே சாகப்போகிறேன் என்று விளங்கியது. பாடமாக்கிய ஜெபம் ஒன்றும் வாயில் வரவில்லை.

"ஆண்டவரே, எனக்கு ஏலாது. வெளியால எடும்," என்று கத்தினேன்.

காரின் பின்பக்கம் இன்னும் மேலே எழும்பியது. பின்னாலிருந்து ஏதோ சறுக்கி வந்து குதிக்காலில் இடித்தது. குனிந்து தண்ணீருக்குள் தடவினேன். கண்ணாடி சுற்றும் பிடி.

அதைக் குச்சியில் செருகிச் சுற்றினேன். வழுக்கியது. மறுபடி சுற்றினேன். கண்ணாடி இறங்கத் தண்ணீர் குபீரென்று உள்ளே வந்தது. அதே வழியால் பாறூக்கின் கையும் வந்து என் சேட்டுக் கழுத்தைப் பிடித்தது.

கரையில் கிடந்து இருமிக்கொண்டே கேட்டேன். "ஏன்டா எறியேல்லை?"

"மனம் வரேல்லை. உன்ர விசர் மாறினாத் தேவைப்படும் எண்டு பின்னால போட்டனான்," என்றான். சொல்லிவிட்டு அவனும் அழுதான்.

அடுத்த ஞாயிறு கோயிலுக்குப் போனேன். இன்றுவரை விடவில்லை. காரைத் தூக்கியெடுத்து உலர்த்தித் திரும்பவும் ஓடினேன். வேகமாகத்தான், ஆனால் கண்ணாடியை இறக்கிவிட்டு.

உங்களில் யாராவது இப்போது மூச்சு முட்டும் இடத்தில் இருக்கலாம். ஜெபத்தைப் பாரமென்று கழற்றிவிட்டேனே, இனி எந்த முகத்தோடு கேட்பது என்று தயங்கலாம். கேளுங்கள். நீங்கள் எறியச் சொன்னதை அவர் எறியவில்லை.