துப்பறியும் கதையும் தேனீக்களும்

வீட்டில், தட்டில் போட்டதைத் தின்று முடித்தால்தான் அடுத்த கரண்டி விழும். நூலகத்திலும் அப்படித்தான் என்று எட்டு வயதில் அந்தப் பெண் நம்பிவிட்டாள். வாசலையொட்டிய அலமாரியின் முதல் புத்தகத்தில் தொடங்கினாள். மாட்டு நோய்கள், மின்கம்பி இணைப்பு, சொத்துச் சட்டம்; பாதி புரியாது, ஆனாலும் மிச்சம் வைக்கமாட்டாள். கதைப் புத்தகங்கள் கடைசிச் சுவரில் இருந்தன. அவற்றை ஒருமுறை பார்த்துவிட்டு மாட்டு நோய்க்குத் திரும்புவாள்.

மூன்றாவது அலமாரிக்கு வந்தபோதுதான் நூலகர் கவனித்தார்.

“யாரும்மா உனக்கு இந்தத் தண்டனை குடுத்தது? எதை வேணும்னாலும் எடுக்கலாம்.”

அவள் யோசித்தாள். “அப்போ இதையெல்லாம் யார் சார் படிப்பா?”

வரிசையை அவள் விடவில்லை. அண்ணன் ‘கரையான்’ என்று பெயர் வைத்தான். அது ஒட்டிக்கொண்டது.

அந்தப் பெண் வளர்ந்து எழுத்தாளரான பிறகும் அவருக்கு ஒரு துறை போதவில்லை. வானொலி நாடகம், சிறுவர் கதை, தண்ணீர் மோட்டார் பழுதுபார்க்கும் கையேடு, துப்பறியும் நாவல் என்று எழுதினார். எல்லாம் ஒரே தரம் என்று சொல்லமாட்டேன்; நாடகங்களில் எல்லோரும் ஒரே குரலில் பேசுவார்கள். விற்றவை துப்பறியும் நாவல்கள்தான். வீடு ஓடியதும் அவற்றால்தான்.

ஐம்பதைத் தாண்டியபின் மொட்டைமாடியில் தேனீப் பெட்டி வைத்தார். கொட்டு வாங்கி வாங்கி, தேனீக்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். பதிப்பாளர் அந்தக் கையெழுத்துப் பிரதிக் கட்டைக் கையிலேயே எடை பார்த்தார்.

“அக்கா, இதை வேற பேர்ல போட்டுக்கலாம். உங்க பேர்ல வந்தா, கொலை எந்தப் பக்கத்துலன்னு தேடுவாங்க.”

“தேடட்டும். ஆண் தேனீ சாகுற பக்கம் இருக்கு.”

“விளையாடாதீங்க. உங்க பேருன்னாலே துப்பறியும் கதை. அதைக் கெடுத்துக்காதீங்க.”

“அது என் பேரு, தம்பி. உன் கடை போர்டு இல்ல. புது நாவலும் இதுவும் சேர்ந்து வரும். இல்லைன்னா ரெண்டும் வராது.”

பதிப்பாளர் உதட்டைப் பிதுக்கினார். எழுத்தாளர் பிரதிக் கட்டை எடுத்துக்கொண்டு வீடு திரும்பினார்.

அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். “அடி கரையானே, பூச்சிக்காக உன் சோத்துலயே மண்ணைப் போட்டுக்கிட்டியே!”

“போட்டாச்சு. நகருண்ணே, வேலை இருக்கு.”

மழைக்காலம் முழுக்கப் பாடப்புத்தகங்களுக்கு மெய்ப்புத் திருத்திக் காலம் தள்ளினார். கண் எரியும் வேலை. ஒருநாள் நாவலை மட்டும் உறைக்குள் போட்டு, பதிப்பாளரின் முகவரியும் எழுதினார். உறையை ஒட்டவில்லை.

நாவல் எங்கே என்று வாசகர்கள் பதிப்பாளரை நச்சரித்தார்கள். கடைசியில் அவரே மாடிப்படி ஏறி வந்து இரண்டையும் கேட்டார். இரண்டும் ஒரே பெயரில், ஒன்றாக வெளிவந்தன.

தேனீ நூல் குறைவாகவே விற்றது. நடுவில் கொஞ்சம் தளரவும் செய்கிறது. ஆனால் யாருக்கும் பயந்து எழுதிய வரி அதில் இல்லை. எல்லா நூல்களைப் பற்றியும் அப்படிச் சொல்லிவிட முடியாது.

பிரதிகளைக் கொடுக்க வந்த பதிப்பாளர், “அடுத்தது கொலைதானேக்கா?” என்றார்.

“இல்ல, எலும்பு முறிவு பத்தி ஒரு புத்தகம். விவரம் கேக்க டாக்டரைப் பார்க்கத்தான் கிளம்பிட்டிருக்கேன்” என்று அவர் செருப்பை மாட்டினார்.